வீட்டில் இரண்டு மூன்று திரைகள், எல்லாக் கணினிக்கும் ஒரே இணையம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் அடுக்ககத்தில் பலருக்கு 2020-ஆம் ஆண்டிலிருந்து வீடே அலுவலகமாகிவிட்டது. கணினியில் எதையாவது செருகத் தெரிந்தவன் என்று என் பெயர் எப்படியோ பரவிவிட்டதால், மாலை வேளைகளில் கதவைத் தட்டி ஐயம் கேட்பவர்கள் இன்றளவும் குறையவில்லை. கேள்விகள் பெரும்பாலும் இரண்டு வகைதான்: இன்னொரு திரையை இணைப்பது எப்படி, ஒரே இணைய இணைப்பை வீட்டிலுள்ள எல்லாக் கணினிகளுக்கும் பகிர்வது எப்படி. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே கீழே எழுதியிருக்கிறேன். பதில்கள் விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகியவற்றை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மேக் கணினி வேறுபடும் இடத்தைத் தனியாகக் குறித்துள்ளேன்.

1. இரண்டாவது மானிட்டர் வைக்கக் கணினியில் தனியாக ஏதாவது வாங்கிப் போட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. மடிக்கணினியாக இருந்தால் அதன் சொந்தத் திரையோடு வெளியே ஒரு திரையையேனும் இணைக்க முடியும்; மேசைக் கணினியாக இருந்தால் பின்புறத்தில் எத்தனை காட்சி போர்ட்டுகள் இருக்கின்றன என்று பாருங்கள். அகலமாக, நீல நிறத்தில், பதினைந்து சிறு துளைகளோடு இருப்பது விஜிஏ. தட்டையாக, கீழ் மூலைகள் இரண்டும் ஒடுங்கியிருப்பது எச்டிஎம்ஐ. அதைப் போலவே இருந்து ஒரு மூலை மட்டும் சீவப்பட்டிருந்தால் அது டிஸ்ப்ளேபோர்ட்.

வாங்கப்போகும் மானிட்டரின் பின்புறத்தையும் இதே போலப் பார்க்க வேண்டும். என்னிடம் யார் வந்தாலும், கணினி, மானிட்டர் இரண்டின் பின்புறத்தையும் கைபேசியில் படம் எடுத்து வரச் சொல்லிவிட்டுத்தான் பேசவே தொடங்குவேன். வாங்கிய பிறகு வருந்துபவர்களில் பெரும்பாலோர் விலையை நன்றாகப் பார்த்தவர்கள். போர்ட்டைத்தான் பார்க்காமல் விட்டிருப்பார்கள்.

2. கேபிள் செருகியாயிற்று, ஆனால் இரண்டு திரையிலும் ஒரே படம்தான் தெரிகிறது. ஏன்?

கணினி இப்போது நகல் காட்டும் நிலையில் இருக்கிறது. விசைப்பலகையில் விண்டோஸ் விசையை அழுத்திக்கொண்டே ‘பி’ எழுத்தை அழுத்தினால் நான்கு தேர்வுகள் வரும்: கணினித் திரை மட்டும், நகல், நீட்சி, இரண்டாவது திரை மட்டும். மூன்றாவதாக உள்ள ‘எக்ஸ்டெண்ட்’ என்பதுதான் உங்களுக்கு வேண்டியது.

3. சுட்டியை வலப்பக்கம் நகர்த்தினால் முட்டி நிற்கிறது. இடப்பக்கம் நகர்த்தினால் வலப்பக்கத் திரைக்குப் போகிறது!

எந்தத் திரை எந்தப் பக்கம் இருக்கிறது என்பது கணினிக்குத் தானாகத் தெரியாது. டிஸ்ப்ளே செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தால் 1, 2 என்று எண்ணிட்ட கட்டங்கள் தெரியும். ‘ஐடென்டிஃபை’ என்பதை அழுத்தினால் ஒவ்வொரு திரையிலும் அதன் எண் தோன்றும். பிறகு அந்தக் கட்டங்களை இழுத்து, மேசையில் திரைகள் எப்படி இருக்கின்றனவோ அப்படியே அடுக்கிவிட வேண்டும். மடிக்கணினி தாழ்வாகவும் மானிட்டர் உயரமாகவும் இருந்தால் கட்டங்களிலும் அந்த ஏற்றத்தாழ்வைக் காட்டலாம். இல்லையெனில் சுட்டி ஓரத்தில் எங்கோ ஓரிடத்தில் மட்டும் கடந்துசெல்லும்.

ஒரு சாளரத்தை ஒரு திரையிலிருந்து மற்றொன்றுக்கு இழுக்கும்போது எழுத்தளவு சட்டென்று மாறுவதைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். மடிக்கணினியின் சிறிய திரையில் எழுத்துகள் 125 அல்லது 150 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கப்பட்டிருக்கும், 24 அங்குல மானிட்டரில் 100 விழுக்காடே இருக்கும். இது பழுது இல்லை. வேண்டுமானால் ஒவ்வொரு திரைக்கும் அந்த அளவைத் தனித்தனியாக மாற்றிக்கொள்ளலாம்.

4. எச்டிஎம்ஐ ஒன்றுதான் இருக்கிறது. கடையில் குறைந்த விலைக்கு ஸ்ப்ளிட்டர் தருகிறார்கள், வாங்கிவிடலாமா?

வேண்டாம். ஸ்ப்ளிட்டர் ஒரே படத்தை இரண்டாகப் பிரித்து அனுப்பும் கருவி. கடையில் ஒரே விளம்பரத்தை நான்கு டிவிகளில் காட்டுவதற்கு அது பொருத்தம். இரண்டு திரையில் இரண்டு வேலை செய்வதற்கு உதவாது. கணினியைப் பொறுத்தவரை ஒரே ஒரு திரைதான் இணைந்திருக்கிறது என்றே அது நினைக்கும். எனவே இரண்டாம் பதிலில் சொன்ன ‘எக்ஸ்டெண்ட்’ முறையை எவ்வளவு மாற்றிப் பார்த்தாலும் பயன் இருக்காது.

வேறு இரண்டு வழிகள் உண்டு. மடிக்கணினியில் படம் அனுப்பக்கூடிய டைப் சி போர்ட் இருந்தால் அதன்வழி இன்னொரு மானிட்டரை இணைக்கலாம். அதுவும் இல்லையென்றால் டிஸ்ப்ளேலிங்க் சில்லு பொருத்திய யுஎஸ்பி அடாப்டரோ டாக்கோ (ஒரே கேபிளில் பல போர்ட்டுகளைத் தரும் பெட்டி) வாங்கலாம். இதில் படத்தைக் கணினியின் செயலியே (சிபியு) சுருக்கிச் சாதாரண யுஎஸ்பி வழியாக அனுப்புகிறது. அதற்குரிய மென்பொருளை நிறுவ வேண்டும். கணக்கேடு, மின்னஞ்சல், ஆவணங்கள் போன்ற வேலைக்கு இது நன்றாகவே போதும். விளையாட்டுக்கோ வீடியோ தொகுப்புக்கோ நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

5. டைப் சி போர்ட் இருக்கிறது, கேபிளும் சரியாகப் பொருந்துகிறது, ஆனால் மானிட்டர் ‘நோ சிக்னல்’ என்கிறது.

என்னிடம் வரும் கேள்விகளில் மிக அதிகமானது இதுதான். குற்றம் கேட்பவருடையது அல்ல, டைப் சி என்ற பெயருடையது. அந்தப் பெயர் போர்ட்டின் வடிவத்தை மட்டுமே குறிக்கிறது. ஒரே வடிவத்துக்குள் மின்னூட்டம் மட்டும் செய்வது, தரவு மட்டும் கடத்துவது, படத்தையும் சேர்த்து அனுப்புவது என்று பல திறன்கள் இருக்கலாம். ஒரே மடிக்கணினியில் உள்ள இரண்டு டைப் சி போர்ட்டுகளில் ஒன்று படம் தரும், மற்றொன்று தராது என்பதும் உண்டு.

போர்ட்டின் அருகில் மின்னல் குறி இருந்தால் அது பெரும்பாலும் தண்டர்போல்ட், படம் வரும். டிஸ்ப்ளேபோர்ட்டின் சின்னமான, டி எழுத்தும் பி எழுத்தும் பிணைந்த குறி இருந்தாலும் வரும். எந்தக் குறியும் இல்லையென்றால் உங்கள் மாடல் எண்ணுக்குரிய விவரப் பக்கத்தில் ‘டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்’ என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள்.

போர்ட் சரியாக இருந்தும் படம் வராவிட்டால் அடுத்துச் சந்தேகப்பட வேண்டியது கேபிளை. கைபேசியோடு வரும் மின்னூட்டக் கேபிள்கள் பலவற்றில் யுஎஸ்பி 2.0 அளவுக்கான கம்பிகள் மட்டுமே இருக்கும். படத்தைக் கடத்த வேண்டிய அதிவேகக் கம்பி இணைகள் உள்ளே இருக்கவே இருக்காது. மானிட்டர் பெட்டியில் வந்த கேபிளைப் போட்டுப் பார்ப்பதே எளிய சோதனை.

6. மேசைக் கணினியில் புதிதாகக் கிராபிக்ஸ் கார்டு போட்டோம். அதன்பின் பழைய மானிட்டர் இருண்டுவிட்டது.

மானிட்டர் இன்னமும் மதர்போர்டின் போர்ட்டில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். தனிக் கார்டு வந்தவுடன் பல மதர்போர்டுகள் தங்கள் சொந்தக் காட்சி போர்ட்டுகளை அணைத்துவிடும். எல்லா மானிட்டர்களையும் கார்டிலுள்ள போர்ட்டுகளுக்கு மாற்றிவிடுவதே நல்லது; இன்றைய கார்டுகளில் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு போர்ட்டுகள் இருக்கும். இரண்டு இடத்தையும் சேர்த்துப் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் பயாஸ் அமைப்பில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கத்தில்) செயலிக்குள்ளேயே இருக்கும் உள்ளக கிராபிக்ஸை இயக்கும் தேர்வு இருக்கிறதா என்று தேடலாம். ஆனால் இன்டெல் செயலியின் பெயர் 12400எஃப் என்பதுபோல ‘எஃப்’ என்று முடிந்தால் அதில் உள்ளக கிராபிக்ஸே கிடையாது. ரைசன் 5 5600 போன்றவற்றிலும் அப்படியே.

7. என்னுடையது மேக்புக் ஏர். விண்டோஸ் நண்பருக்கு வேலை செய்யும் அதே டாக் எனக்கு ஒரு திரையை மட்டும் தருகிறது.

டாக்கில் பழுது இல்லை. எம்1, எம்2 சில்லுகள் கொண்ட மேக்புக் ஏர் வெளித்திரை ஒன்றை மட்டுமே ஏற்கும். எம்3-இல் மூடியை மூடிவைத்தால் இரண்டு. எம்4-இல் மூடி திறந்திருக்கும்போதே இரண்டு. தவிர, டிஸ்ப்ளேபோர்ட் 1.2-இலிருந்து வந்த, ஒரே இணைப்பில் பல திரைகளைச் சங்கிலிபோல் கோக்கும் வசதியை விண்டோஸ் ஏற்கிறது. மேக் இயங்குதளமோ அப்படிக் கோத்த திரைகளில் ஒரே படத்தையே காட்டும். உங்கள் நண்பரின் டாக் அந்த வசதியை நம்பியிருக்கிறது.

நான்காம் பதிலில் சொன்ன டிஸ்ப்ளேலிங்க் வகை இங்கே கைகொடுக்கும். திரையைப் பதிவு செய்வதற்கான அனுமதியை அந்த மென்பொருள் கேட்கும். அது இயங்கும் முறையே அப்படி என்பதால் அஞ்ச வேண்டியதில்லை. சில திரைப்படத் தளங்களில் படம் மட்டும் கறுப்பாகத் தெரிவதற்கும் அதுவே காரணம்.

8. விஜிஏ மட்டும் உள்ள பழைய மானிட்டரைத் தூக்கி எறிய மனமில்லை.

எறிய வேண்டாம். எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு மாற்றும் சிறு அடாப்டர் போதும். ஆனால் திசையைப் பார்த்து வாங்குங்கள்: இவ்வகை அடாப்டர்கள் ஒருவழிப் பாதைகள். கணினியின் டிஸ்ப்ளேபோர்ட்டை மானிட்டரின் எச்டிஎம்ஐ-யோடு இணைக்கும் கேபிளைத் திருப்பிப் போட்டால் வேலை செய்யாது.

9. 43 அங்குல டிவியை மானிட்டராக்கினேன். எழுத்து மங்கலாக இருக்கிறது, கீழே உள்ள பட்டையும் பாதி வெட்டுப்படுகிறது.

பழைய தொலைக்காட்சிக் காலத்து வழக்கப்படி, படத்தின் ஓரங்களைச் சற்றே பெரிதாக்கி வெட்டும் அமைப்பு டிவியில் இன்னமும் இருக்கும். படத்தின் அளவு பற்றிய பகுதியில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஸ்கிரீன் ஃபிட்’ போன்ற பெயரில் உள்ள தேர்வை இயக்கினால் ஓரம் முழுதாகத் தெரியும். உள்ளீட்டின் வகையை ‘பிசி’ என்று மாற்றினால் எழுத்துகளும் கூர்மை பெறும். சுட்டி தாமதமாக நகர்வதற்கு ‘கேம் மோட்’ மருந்து.

4கே டிவியில் எல்லாமே திக்கித்திக்கி நகர்ந்தால், கணினியில் இருப்பது எச்டிஎம்ஐ 1.4 ஆக இருக்கலாம். அது 4கே படத்தை நொடிக்கு 30 முறைதான் அனுப்பும். 60 முறை அனுப்பும் திறன் 2013-இல் வந்த 2.0-வில்தான் சேர்ந்தது. 1920×1080 அளவுக்கு இறக்கினால் ஓட்டம் சீராகிவிடும்.

10. மானிட்டரை அணைத்துப் போட்டால் எல்லாச் சாளரமும் மடிக்கணினித் திரைக்கு ஓடிவந்து குவிந்துவிடுகின்றன.

டிஸ்ப்ளேபோர்ட்டில் இணைத்த பல மானிட்டர்களை அணைத்தால், கேபிளையே பிடுங்கிவிட்டதாகக் கணினி எண்ணிக்கொள்ளும். விண்டோஸ் 11-இல், டிஸ்ப்ளே செட்டிங்ஸில் பல திரைகள் பற்றிய பகுதியில், சாளரங்களின் இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் தேர்வு இருக்கிறது. அதை இயக்கினால் திரை திரும்பியதும் அவையும் திரும்பும்.

11. இனி இணையம். ஒரே இணைப்பை எத்தனை கணினி பகிரலாம்? ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் உண்டா?

தனிக் கட்டணம் இல்லை. நிறுவனம் உங்கள் வீட்டுக்கு ஒரு முகவரி தருகிறது. ரூட்டர் அந்த ஒன்றை வெளியே காட்டிக்கொண்டு, வீட்டுக்குள் 192.168.1.2, 192.168.1.3 என்பதுபோல ஒவ்வொரு கருவிக்கும் உள்முகவரி வழங்குகிறது. தெருவுக்கு ஒரே கதவு எண்ணும் உள்ளே பல அறைகளும் இருப்பது போன்ற ஏற்பாடு. இப்படி இருநூற்றுக்கும் மேற்பட்ட உள்முகவரிகளை வழங்க முடியும் என்பதால் எண்ணிக்கை ஒரு தடையே அல்ல. ரூட்டரின் வைஃபைதான் அதற்கு வெகு முன்பே மூச்சு வாங்கும். ஆகவே இடம்பெயராத மேசைக் கணினிகளையும் டிவியையும் லேன் கேபிளில் போட்டு, வைஃபையைக் கைபேசிகளுக்கும் மடிக்கணினிகளுக்கும் விட்டுவிடுவது என் வழக்கம்.

12. மேசைக் கணினியில் வைஃபை இல்லை. பக்கத்தில் உள்ள மடிக்கணினியிலிருந்து கேபிள் போட்டு இணையம் எடுக்கலாமா?

தாராளமாக. விண்டோஸ் 98-இன் இரண்டாம் பதிப்பிலிருந்தே இதற்கான இணையப் பகிர்வு வசதி இருக்கிறது. இரண்டு கணினிகளையும் சாதாரண லேன் கேபிளால் இணைத்து, மடிக்கணினியின் நெட்வொர்க் கனெக்ஷன்ஸ் பட்டியலில் வைஃபை இணைப்பின் பண்புகளைத் திறந்து, ‘ஷேரிங்’ பகுதியில் பகிர்வை இயக்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்: இணையத்தைப் பெறும் இணைப்பில் பகிர்வை இயக்க வேண்டுமே தவிர, கொடுக்கும் லேன் இணைப்பில் அல்ல. எல்லாம் சரியாக நடந்தால் மடிக்கணினியின் லேன் முகவரி 192.168.137.1 என்று மாறியிருக்கும்.

கேபிள் இல்லாமல் பகிர, ‘மொபைல் ஹாட்ஸ்பாட்’ தேர்வு உண்டு. அதில் எட்டுக் கருவிகள் வரை இணையலாம். எதுவாயினும் கொடுக்கும் கணினி உறங்கினால் பெறும் கணினியும் இணையத்தை இழக்கும். எனவே இதை நான் தற்காலிக ஏற்பாடாகவே கருதுகிறேன்.

13. ஃபைபர் பெட்டியில் லேன் போர்ட் தீர்ந்துவிட்டது. வீட்டில் பழைய ரூட்டர் கிடக்கிறது, அதைச் சேர்க்கலாமா? ஸ்விட்ச் வாங்கவா?

போர்ட் மட்டும்தான் குறை என்றால் ஐந்து போர்ட் ஸ்விட்ச் (ஒரு லேன் போர்ட்டைப் பலவாக்கும் சிறு பெட்டி) ஒன்றே போதும்; அதற்கு எந்த அமைப்பும் செய்ய வேண்டியதில்லை. தூரத்து அறைக்கு வைஃபையும் வேண்டுமென்றால் பழைய ரூட்டரைச் சேர்க்கலாம். ஆனால் ஒரு வீட்டில் முகவரி வழங்கும் வேலையை ஒரே ஒரு பெட்டிதான் செய்ய வேண்டும்.

மூன்றாம் மாடியில் ஒரு வீட்டில், சில நாள் ஒரு கணினிக்கு இணையம் வரும், சில நாள் வராது; எது வரும் என்று காலையில்தான் தெரியும். ஃபைபர் பெட்டியும் பழைய ரூட்டரும் ஆளுக்கொரு பக்கம் முகவரி வழங்கிக்கொண்டிருந்தன. போதாக்குறைக்கு இரண்டும் தங்கள் பெயர் 192.168.1.1 என்றே சொல்லிக்கொண்டன. எது முந்திக்கொள்கிறதோ அதன் பேச்சைக் கணினி கேட்டது. பழைய ரூட்டரின் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, அதன் டிஎச்சிபி வசதியை, அதாவது முகவரி வழங்கும் வேலையை, அணைத்து, கேபிளை அதன் ‘வேன்’ போர்ட்டில் (வெளியிலிருந்து இணையம் வருவதற்கான போர்ட்) அல்லாமல் லேன் போர்ட்டில் செருகியதும் சிக்கல் தீர்ந்தது. ‘ஆக்சஸ் பாயின்ட் மோட்’ என்ற தேர்வு உள்ள ரூட்டரில் இவ்வளவையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

கேபிளை வேன் போர்ட்டிலேயே செருகினாலும் இணையம் வரும் என்பது உண்மைதான். ஆனால் அப்போது வீட்டுக்குள் இன்னொரு வீடு உண்டாகிவிடும்: ஃபைபர் பெட்டியில் இணைந்த கணினியால், பழைய ரூட்டருக்குப் பின்னால் உள்ள அச்சுப்பொறியைக் காண முடியாது.

14. எங்கள் திட்டம் 100 எம்பிபிஎஸ். பதிவிறக்கத்தில் 12-க்கு மேல் போவதே இல்லை. ஏமாற்றுகிறார்களா?

இல்லை. திட்டத்தில் சொல்வது மெகாபிட், பதிவிறக்கச் சாளரம் காட்டுவது மெகாபைட். எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால் 100-ஐ எட்டால் வகுத்தால் 12.5 வரும்.

ஆனால் 200 அல்லது 300 எம்பிபிஎஸ் திட்டத்தில், வேகச் சோதனை எப்போதும் 94 அருகிலேயே நின்றால் கேபிளைச் சோதியுங்கள். லேன் கேபிளில் எட்டுக் கம்பிகள் உண்டு. கிகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும், 100-க்கு நான்கே போதும். ஒரு கம்பி கதவிடுக்கில் நசுங்கினால்கூட இணைப்பு அறுந்துவிடாமல், சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடக்கூடும். கம்பி நன்றாக இருந்தால் ஸ்விட்சோ ரூட்டரோ 100 வேகத்துக்கு மட்டும் செய்யப்பட்டதாக இருக்கலாம்.

15. மகள் ஏதோ பெரிய கோப்பை மேலேற்றினால் என் வீடியோ கூட்டம் உறைந்துவிடுகிறது.

மேலேற்றும் பாதை நிரம்பினால், உங்கள் குரலைச் சுமந்த சிறு தரவுப் பொட்டலங்களும் ரூட்டரின் வரிசையில் அந்தக் கோப்புக்குப் பின்னால் காத்துக்கிடக்கும். ரூட்டரில் ‘கியூஓஎஸ்’ என்ற, எதற்கு முன்னுரிமை என்று வகுக்கும் வசதி இருந்தால், மேலேற்றும் வரம்பை உண்மையான வேகத்தில் 85 விழுக்காடு அளவுக்கு நிறுத்திப் பாருங்கள். அந்த வசதி இல்லாவிட்டால், கோப்பை மேலேற்றும் மென்பொருளிலேயே வேக வரம்பு வைக்கலாம். கைபேசிகள் பகலில் புகைப்படங்களைச் சேமிப்பகத்துக்கு அனுப்புவதும் இதே தொல்லையைத் தரும்.

16. மின்சாரம் போனால் இன்வெர்ட்டரில் கணினி ஓடுகிறது, ஆனால் இணையம் அரை நிமிடம் போய்விட்டு வருகிறது.

இன்வெர்ட்டர் மாறும் அந்த நொடிக்குள் ஃபைபர் பெட்டி அணைந்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. ரூட்டருக்கென்றே விற்கும் சிறு யுபிஎஸ் இதற்குத் தீர்வு. பெட்டியின் அடாப்டரில் அச்சிட்டுள்ள வோல்ட் அளவு, பெரும்பாலும் 12, அந்த யுபிஎஸ் தரும் அளவோடு அப்படியே ஒத்திருக்க வேண்டும். ஆம்பியர் அளவு அதைவிடக் குறையாமல் இருக்க வேண்டும். நடுவில் ஸ்விட்ச் இருந்தால் அதையும் மறக்காதீர்கள்.

17. டாக் வாங்கி இரண்டாவது திரை போட்டதிலிருந்து வைஃபை மந்தமாகிவிட்டது. இது என் பிரமையா?

பிரமை அல்ல, முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன். யுஎஸ்பி 3.0 கருவிகளும் கேபிள்களும் கசியவிடும் மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுகிறது; இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை விளக்கி அறிக்கை வெளியிட்டது. ராஸ்பெர்ரி பை 4 சிறு கணினியிலும் குறிப்பிட்ட திரை அளவில் எச்டிஎம்ஐ-யே வைஃபையைக் கெடுப்பது 2019-இல் கண்டறியப்பட்டது. கம்பியில்லாச் சுட்டி தடுமாறுவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

மடிக்கணினியை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றுங்கள். டாக்கை மடிக்கணினியை ஒட்டி வைக்காமல் ஒரு முழம் தள்ளி வையுங்கள். சுட்டியின் சிறு ஏற்பியை நீட்டிப்புக் கேபிளில் போட்டு விலக்குங்கள். டாக்கிலேயே லேன் போர்ட் இருந்தால் அதில் கேபிளைச் செருகிவிடுவது எல்லாவற்றையும் விட எளிது.

18. பழைய மடிக்கணினியைக் கேபிள் இல்லாமல் இரண்டாவது திரையாக்க முடியுமா?

முடியும். பழைய கணினியில் ‘வயர்லெஸ் டிஸ்ப்ளே’ என்னும் கூடுதல் வசதியை நிறுவி, திரையை ஏற்கும் பக்கத்தைத் திறந்துவைத்து, புதிய கணினியில் விண்டோஸ் விசையோடு ‘கே’ எழுத்தை அழுத்தினால் அது பட்டியலில் தோன்றும். எனினும் படம் காற்றில் வருவதால் தாமதம் இருக்கும். ஒரு குறிப்பேட்டைத் திறந்து வைத்துப் படிக்க ஆகும், அவ்வளவுதான்.

இரண்டும் நன்றாக ஓடும் கணினிகளாக இருந்தால், அவற்றை அப்படியே விட்டு, ஒரே சுட்டியாலும் விசைப்பலகையாலும் இரண்டையும் இயக்குவதே மேல். மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் தொகுப்பில் உள்ள ‘மவுஸ் வித்தவுட் பார்டர்ஸ்’ இதை இலவசமாகச் செய்யும். நான்கு கணினிகள் வரை ஏற்கும். இரண்டு கணினிகளும் ஒன்றையொன்று காணவில்லையென்றால், பதின்மூன்றாம் பதிலில் சொன்னபடி அவை இரண்டு ரூட்டர்களுக்குப் பின்னால் பிரிந்து கிடக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

19. அலுவலக மடிக்கணினியில் விபிஎன் இணைத்ததும் வீட்டு அச்சுப்பொறி மறைந்துவிடுகிறது. ரூட்டரில் எதை மாற்ற வேண்டும்?

ரூட்டரில் எதையும் மாற்ற வேண்டாம். விபிஎன் என்பது மடிக்கணினியை அலுவலக வலையோடு இணைக்கும் தனிப் பாதை. பல அலுவலகங்களின் விபிஎன், மடிக்கணினியின் மொத்தப் போக்குவரத்தையும் அலுவலகத்துக்கே திருப்பிவிடும். அப்போது வீட்டிலுள்ள மற்ற கருவிகள் எதுவும் அதன் கண்ணுக்குத் தெரியாது. முந்தைய பதிலில் சொன்ன சுட்டிப் பகிர்வும் அதே நேரத்தில் நின்றுபோகலாம். இது அலுவலகம் தெரிந்தே வைத்த காப்பு என்பதால், அதைத் தளர்த்துவது அவர்களின் கணினிப் பிரிவால் மட்டுமே இயலும். விபிஎன் இணைந்திருக்கும்போதே அச்சிட்டாக வேண்டுமென்றால், அலுவலகம் தடுக்காதவரை, அச்சுப்பொறியை யுஎஸ்பி கேபிளால் மடிக்கணினியோடு நேரடியாக இணைத்துவிடுங்கள். அந்தப் பாதை விபிஎன்னுக்குள் போவதில்லை.